கெளுத்தி குத்திய கை

கமாரியா உருட்டிக்கொண்டிருக்கும்போது அவளிடம் வாய் கொடுக்கக் கூடாது என்பது சுங்கை ரூ மீனவக் கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். பதில் வராது என்பதற்காக இல்லை. வரும். கேட்டவர் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்று படுத்த பிறகும் அது காதைக் குடைந்துகொண்டிருக்கும்.

அரைத்த சாளை மீனும் உப்பும் சவ்வரிசி மாவும் சேர்ந்த சாம்பல் நிறப் பிசையலில் ஒரு கை அள்ளிப் பலகையில் போடுவாள். இரண்டு உள்ளங்கையாலும் முன்னே தள்ளி, பின்னே இழுத்து, மறுபடி தள்ளினால் முழ நீளத்தில் கெரோப்போக் என்னும் மீன் உருளை ஒன்று உருண்டு நிற்கும். நுனியும் நடுவும் ஒரே கனம். அவள் உருட்டியவை கொதிக்கும் அண்டாவில் ஒன்றாக மூழ்கி, வெந்ததும் ஒன்றாக மேலே வரும். வேறு கை பட்டது பாதி மிதக்கும், பாதி அடியில் கிடக்கும். கடற்கரைச் சாலையில் வரிசையாக இருக்கும் கெரோப்போக் கடைகளில் இவர்கள் கடை முன்னால் மட்டும் வண்டிகள் இடித்துக்கொண்டு நிற்பதற்கு அந்த வலது கைதான் காரணம். இதைக் கமாரியாவே சொல்வாள். தன்னடக்கம் அவள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது.

அண்டாவுக்குப் பொறுப்பு புருஷன் டெராமான். அதிகம் பேசாத மனுஷன். நீராவியில் நின்று நின்று முகம் எப்போதும் குளித்து வந்தவனுடையது போல இருக்கும். முன்கடையில் பொரித்துக் கொடுப்பது டெராமானின் அக்கா சபேடா. எல்லா வேலையையும் அவள் வலது கையாலேயே செய்வாள். இடது கை மடியில் ஒரு சின்னத் தலையணைமேல் படுத்திருக்கும். தோளிலிருந்து விரல்வரை வீங்கி, தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டிருக்கும் கை. "என் கை" என்று சபேடா அதைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. "இது" என்பாள். "இதுக்கு இன்னைக்கு உடம்பு சரியில்ல" என்பாள், "இதைக் கொஞ்சம் நகர்த்தி வை" என்பாள். வீட்டோடு ஒட்டிக்கொண்ட பிடிவாதக்காரப் பூனையைப் பற்றிப் பேசுவது மாதிரி இருக்கும்.

அந்த வருஷம் மழைக்காலம் இன்னும் இறங்கவில்லை. கடல் மட்டும் நிறம் மாறத் தொடங்கியிருந்தது. கிளினிக் நர்ஸ் விடாமல் நச்சரித்து மார்பைப் படம் எடுக்க அனுப்பியதில், கமாரியாவின் வலது மார்பில் கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு கட்டி தெரிந்தது. ஊசியால் துளி எடுத்துப் பார்த்துவிட்டுப் புற்றுநோய் என்றார்கள். ஆரம்ப நிலைதான் என்றும் சொன்னார்கள். நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் வான் சுரியானி அறுவைக்கு நாள் குறித்துக் கொடுத்தார்.

டாக்டர் சொன்ன இன்னொரு சங்கதிதான் வீட்டில் சண்டையைக் கிளப்பியது.

"அக்குளைத் தொடவே மாட்டாங்களாமே?" என்றாள் சபேடா. வியாபாரம் ஓய்ந்த மதியம். பின்பக்கக் கொட்டகைக்கு வந்து, பலகைக்கு எதிரே தலையணையோடு உட்கார்ந்திருந்தாள்.

"ஆமாக்கா. கட்டியை மட்டும் எடுப்பாங்க. அப்புறம் கரண்டு வைப்பாங்க, மாத்திரை தருவாங்க. அக்குள்ல இருக்கற முடிச்சு எதையும் எடுக்கப் போறதில்லையாம்."

"ஏனாம்? கத்தி மொட்டையாப் போச்சா?"

"ஸ்கேன்ல அங்க ஒண்ணுமில்ல. கட்டி சின்னது, எனக்கும் அறுபது தாண்டிருச்சு, மாத்திரைக்கு அடங்கற வகையாம். என்னை மாதிரி ஆளுங்களுக்கு அக்குளைத் தோண்டினாலும் தோண்டாட்டியும் ஆயுசு ஒண்ணுதானாம். ஊர் ஊரா நிறையப் பொம்பளைங்களை வருஷக்கணக்காக் கவனிச்சு ஆராய்ச்சி பண்ணியிருக்காங்களாம்."

"ஆராய்ச்சி." சபேடா அந்தச் சொல்லை மென்று துப்பினாள். "நான் இங்க உயிரோட உக்காந்து உன்கிட்ட பேசிட்டிருக்கேன். இதைவிட என்ன ஆராய்ச்சி வேணும் அவங்களுக்கு? அன்னைக்கு என் அக்குள்ல இருந்தது அத்தனையும் வழிச்சு எடுத்தாங்க. எடுத்துப் பரிசோதனை பண்ணிட்டு, ஒண்ணுலகூட நோய் இல்ல, எல்லாம் சுத்தம்னு டாக்டரே வந்து சொன்னாரு. அம்மா கெந்தூரி வச்சு ஊருக்கே சோறு போட்டாங்க. மஞ்சள் சோத்தை நீயும்தான் மூணு தட்டு தின்ன."

"ரெண்டு தட்டு."

"மூணு. நான் படுத்துட்டே பாத்தேன். அடுத்த வருஷம் இது வீங்கிச்சு. வீங்கட்டுமே. உயிருக்கு வாடகை குடுக்க வேண்டாமா? உனக்கு மட்டும் சும்மாக் கிடைக்குமா?"

கமாரியா பதில் சொல்லாமல் உருட்டினாள். அதைக் கண்டு அண்டாப் பக்கமிருந்து டெராமான் திரும்பிப் பார்த்தான். அவள் பதில் இல்லாமல் இருப்பது அபூர்வம்.

நோயைக் கண்டு அவளுக்குப் பயம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அது டாக்டர் பேசப் பேசக் கரைகிற பயமாக இருந்தது. எடுத்துவிடலாம் என்றார்கள், சரி. கையைப் பற்றிய பயம் அப்படிக் கரையவில்லை. இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது உருட்டுவதில் பேர் வாங்கியிருந்தவள் சபேடாதான். கமாரியாவுக்குக் கற்றுக்கொடுத்ததும் அவள்தான், திட்டித் திட்டி. வீக்கம் வந்த பிறகு பலகை கைமாறியது. ஒரு தடவை வீங்கிய கையில் சாளை மீனின் செதில் கீறி, காய்ச்சல் கொதித்து, கை முழுக்கச் சிவந்து, சபேடா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதன்பிறகு மீன் பக்கமே அவள் போவதில்லை. பொரித்துக் கொடுப்பதோடு சரி. அவள் ஒரு நாளும் அழுது கமாரியா பார்த்ததில்லை. பார்க்காததுதான் கமாரியாவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

டாக்டர் "அக்குளைத் தொட மாட்டோம்" என்றபோது அவள் மனசுக்குள் ஒரு கெந்தூரியே நடந்தது. அதை நாத்தனார் முன்னால் எப்படிச் சொல்வாள்?

*

சண்டையில் தோற்றாலும் சபேடா பத்தியத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. அறுவை முடிந்து புண் ஆறும்வரை கமாரியா முள்ளில் விஷமுள்ள மீன் எதையும் தின்னக் கூடாது, தொடவும் கூடாது. திருக்கை, கெளுத்தி வகையறா கண்ணிலேயே படக் கூடாது. அதுகளின் விஷம் உடம்பில் உள்ள நோயைத் தட்டி எழுப்பிவிடும். டெராமான் தன் பங்குக்கு மீன் வேலை முழுவதையுமே தடை செய்தான். சாளை கழுவ அடுத்த தெரு மெக் சூவைக் கூலிக்கு வைத்தான்.

"உருட்டறது மட்டும் உன் வேலை. மீன் கூடைப் பக்கம் உன்னைப் பாத்தேன், அண்டாவை இறக்கி வச்சிடுவேன்" என்றான். அவன் வாயிலிருந்து இத்தனை சொற்கள் ஒன்றாக வந்தது கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவையாக இருக்கும். கமாரியா ஒப்புக்கொண்டாள். தலையில் அடித்துச் சத்தியமும் செய்தாள்.

சத்தியம் கடல் நன்றாக இருந்தவரை நின்றது. பிறகு காற்று வடகிழக்கில் திரும்பியது. படகுகளைக் கரையேற்றப் போகிறார்கள், இதுதான் கடைசி நல்ல மீன் என்று ஒரு காலையில் கூடை கூடையாகச் சாளை வந்து இறங்கிற்று. அன்றைக்குப் பார்த்து மெக் சூவின் மகளுக்குப் பிரசவ வலி. டெராமான் விறகுக்குப் போயிருந்தான். சபேடா முன்கடையில் நாசி டகாங் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சூரைக் குழம்பை விரலால் வழித்துக்கொண்டிருந்தாள். வெயில் ஏற ஏறக் கூடைகளில் மீன்களின் கண்கள் மங்கின.

மீன் கெடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும் பெண் சுங்கை ரூவில் இன்னும் பிறக்கவில்லை. கமாரியா கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு குந்தினாள். தலையைக் கிள்ளி, குடலை உருவி, சட்டியில் போட, விரல்கள் தாங்களாகவே வேகம் பிடித்தன. அவளுக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை நாள் இந்தக் கையை எதற்குத் துணியில் சுற்றிய குழந்தை மாதிரி வைத்திருந்தோம் என்று நினைத்தாள். நினைத்து முடிக்கவில்லை, கூடைக்குள் சாளையோடு சாளையாகப் பதுங்கியிருந்த ஒரு கெளுத்தி வலது கட்டைவிரலின் அடியில் முள்ளை ஏற்றிவிட்டது.

கெளுத்தி குத்தியவர்களுக்கு மட்டும்தான் அந்த வலி தெரியும். தோள்வரை தீ ஓடும். கமாரியா உதட்டைக் கடித்துக்கொண்டு முள்ளைப் பிடுங்கினாள், மீனை வேலிக்கு அப்பால் வீசினாள், அண்டாவிலிருந்து வெந்நீர் மொண்டு தாங்குகிற சூட்டில் கையை அமிழ்த்தி உட்கார்ந்தாள். கண்ணில் நீர் தாரை தாரையாக ஓடியது. சத்தம் மட்டும் வரவில்லை.

"என்னடி அங்க?" என்று முன்கடையிலிருந்து குரல் வந்தது.

"ஒண்ணுமில்லக்கா. அண்டா சுட்டுருச்சு."

மெக் சூவே வந்து கழுவிவிட்டுப் போனதாகச் சாளைக்குக் கணக்குச் சொல்லியாயிற்று. விரல் வீங்கியதற்கு அண்டா பட்டுவிட்டது என்று சொல்லியாயிற்று. இரண்டு நாளில் வீக்கம் வடிந்து ஒரு கறுப்புப் புள்ளி மட்டும் நின்றது. ஒரு வாரம் கழித்துக் குளிக்கும்போது அக்குளில் கை போனது. புளியங்கொட்டை அளவுக்கு ஏதோ உருண்டது.

அங்கேயே, ஈரக் கைலியோடு, கமாரியா சுவரில் சாய்ந்து நின்றாள். கையில் முள் குத்தினால் அக்குளில் நெறி கட்டும் என்பது யாருக்குத் தெரியாது? அவளுக்கும் தெரியும். ஆனால் கெளுத்தி விஷம் நோயைத் தட்டி எழுப்பும் என்பதும் சின்ன வயசிலிருந்து கேட்டுக் கேட்டு ஊறிப்போன விஷயம். இது நெறியா, எழுந்துவிட்ட நோயா? இரண்டில் எது என்று அவளால் சொல்ல முடியவில்லை. யாரிடமும் கேட்கவும் முடியவில்லை. தன் வாயால் கெட்டவர்களைப் பார்த்திருக்கிறாள், தன் விரலால் கெட்டது நானாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

*

அறுவைக்கு முன்னால் ஒரு தடவை வந்து காட்டச் சொல்லியிருந்தார்கள். மூன்று பேருமாகப் போனார்கள். டெராமான் திரைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்தான். சபேடா தலையணையோடு உள்ளே வந்துவிட்டாள். அவளை வெளியே இரு என்று சொல்லும் தைரியம் நர்ஸுக்கு வரவில்லை.

டாக்டர் வான் சுரியானி பெசுட் பக்கத்துப் பெண். படித்ததெல்லாம் வெளியே என்றாலும் பேச்சு ஊர்ப் பேச்சுத்தான். போன தடவை கெரோப்போக் கொண்டுவந்து கொடுத்ததற்கு நன்றி சொல்லி, சட்னி மட்டும் காரம் போதவில்லை என்று குறையும் சொன்னார். சட்னி சபேடாவின் கைங்கரியம். அவள் முகம் கோணியது.

குளிர்ந்த களிம்பைத் தடவிக் கருவியை அக்குளில் வைத்ததும் டாக்டரின் பேச்சு நின்றது. ஸ்கேன் திரையைப் பார்த்துக்கொண்டே கருவியைத் திருப்பித் திருப்பி நகர்த்தினார்.

"போன தடவை இல்லாத ஒண்ணு இப்ப இருக்கும்மா. ஒரு முடிச்சு வீங்கியிருக்கு."

"நான் சொல்லல?" என்றாள் சபேடா.

"கையில காயம் ஏதாவது பட்டுச்சா? வெட்டு, தீப்புண், பூனை கீறினது?"

"இல்ல" என்றாள் கமாரியா. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"தடுப்பூசி ஏதும் போட்டீங்களா?"

"இல்ல."

"இனிமே எதுக்கு விசாரணை?" சபேடா நாற்காலியை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "வந்துருச்சில்ல? எல்லாத்தையும் வழிச்சு எடுத்துடுங்க டாக்டர். எனக்கு எடுத்த மாதிரி."

திரைக்கு வெளியிலிருந்து டெராமானின் குரல் வந்தது. "ஆமா டாக்டர். எடுத்துடுங்க. அவ கை இல்லாட்டிப் பரவால்ல, நான் உருட்டிக்கறேன். அவ இருந்தாப் போதும்."

அந்த நேரத்திலும் கமாரியாவுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. டெராமான் உருட்டியதை ஒருமுறை பார்த்திருக்கிறாள். பாம்பு இரை விழுங்கின மாதிரி இருக்கும்.

"பொறுங்க ரெண்டு பேரும்" என்றார் டாக்டர். "வீங்கினது எல்லாம் நோய் இல்ல. மெல்லிசா ஒரு ஊசி விட்டுத் துளி எடுத்துப் பாப்போம். உள்ளே நோய் இருந்தா அதுக்கேத்த மாதிரி முடிவு பண்ணுவோம். இல்லேன்னா பழைய முடிவுதான், அக்குளைத் தொட மாட்டேன். பாக்காம வெட்டறது என் பழக்கம் இல்ல."

"ஊசி குத்தினா பரவிடும்."

"பரவாதும்மா. மார்புக் கட்டியிலயும் அப்படித்தானே குத்திப் பாத்தோம்?"

"அதான் அங்கருந்து இங்க வந்துருச்சு போல" என்றாள் சபேடா. "கமாரியா, நீ சொல்லு. ஊசி வேண்டாம், மொத்தமா எடுத்துடுங்கன்னு சொல்லு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். என்னைப் பாரு." சொல்லிக்கொண்டே, வலது கையால் இடது கையைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக் காட்டினாள். சட்டையின் கைப்பகுதியைப் பிரித்து வேறு துணி ஒட்டுக் கொடுத்துத் தைத்திருந்தாள். எல்லாச் சட்டையும் அப்படித்தான்.

டாக்டர் கமாரியாவைப் பார்த்தார். "உடம்பு உங்களோடது. நீங்க சொல்லுங்க."

கமாரியா அந்த ஒட்டுத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை ஆட்டினால் போதும். சத்தியத்தை மீறியது யாருக்கும் தெரியாது, பத்தியத்தை முறித்ததும் தெரியாது. கை மட்டும் போகும். அவளுக்குத் திடீரென்று தன்மேலேயே கோபம் வந்தது. ஒரு கெளுத்திக்குப் பயந்து கையைக் கொடுப்பார்களா?

"டாக்டர்" என்று குரலைத் தாழ்த்தினாள். "கெளுத்தி குத்திச்சு."

"என்னது?"

"கெளுத்தி. இந்தக் கையிலதான். சாளை கழுவறப்போ."

திரைக்கு வெளியே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"சாளை கழுவினியா?" என்றான் டெராமான்.

"நீங்க அங்கயே இருங்க."

"தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணியேடி."

"என் தலையிலதானே அடிச்சேன். உங்க தலையிலயா?"

"கெளுத்தி" என்று மட்டும் சபேடா சொன்னாள். திருட்டுப் போன வீட்டில் பூட்டைப் பார்க்கிற பார்வை பார்த்தாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. கமாரியாவின் வலது கையை விளக்கடியில் பிடித்து, கட்டைவிரல் அடியிலிருந்த கறுப்புப் புள்ளியை அழுத்தினார். கமாரியா துள்ளினாள். மரத்துப் போக மருந்து போட்டு, தோலைக் கொஞ்சம் கீறி, இடுக்கியால் எதையோ பற்றி இழுத்தார். சீழோடு ஒரு முள் துண்டு வந்தது. அரிசி நீளம்கூட இல்லை.

"உள்ளயே ஒடிஞ்சு கிடந்திருக்கு. கை பழுத்திருக்கு, அதுக்கு அக்குள் முடிச்சு வீங்கியிருக்கலாம். அதுங்க வேலையே அதுதானே, கையிலருந்து வர்ற அழுக்கை வடிகட்டறது. ஆனா இதுதான் காரணம்னு நான் இப்பவே சத்தியம் பண்ண மாட்டேன். இந்த வீட்டுச் சத்தியம் எப்படி இருக்குன்னு பாத்துட்டேன்." இப்போதுதான் டாக்டர் சிரித்தார். "ஊசி போட்டுப் பாத்துடுவோம். சரியா?"

"போடுங்க" என்றாள் கமாரியா. "நல்லா ஆழமாவே போடுங்க."

ஊசி போட்டு முடித்துக் கட்டு ஒட்டும்வரை சபேடா தலையணையின் ஓரத்து நூலை இழுத்துக்கொண்டிருந்தாள். டாக்டர் கை கழுவும்போது கேட்டாள்.

"அந்த முடிச்சுங்க வடிகட்டிங்கன்னு சொன்னீங்களே. அதை எடுத்துட்டா?"

"நீர் வடிய வழி இல்லாமக் கையில தங்கிடும். எல்லாருக்கும் வராது. சிலருக்கு வரும்."

"இது மாதிரி."

"ஆமாம்மா."

"எனக்கு எடுத்ததுல ஒண்ணுலகூட நோய் இல்லன்னு அன்னைக்குச் சொன்னாங்க. எல்லாம் சுத்தமா இருந்துச்சாம்." சபேடா நிறுத்தினாள். அடுத்த கேள்வியை அவள் இத்தனை வருஷமாக ஒருநாளும் கேட்டதில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. "அப்ப எடுத்ததெல்லாம் நல்லதுங்களா?"

டாக்டர் குழாயை மூடிவிட்டு வந்து, அவளுக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நல்லதுங்கதான். அன்னைக்கு எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்ங்கற நிலைமை. உங்களுக்கு வெட்டினவங்க கெடுதல் நினைக்கல, அவங்களுக்குத் தெரிஞ்ச நல்லதைத்தான் செஞ்சாங்க. ஆனா நீங்க கேட்டதால சொல்றேன். இன்னைக்கு நீங்க அதே மாதிரி வந்திருந்தா, அத்தனையையும் நான் எடுத்திருக்க மாட்டேன்."

சபேடா தலையை ஆட்டினாள். இரண்டு தடவை ஆட்டினாள். கமாரியா அவள் தோளில் கை வைக்கப் போனாள். அவள் தட்டிவிட்டாள்.

"இந்தக் கைக்கும் வைத்தியம் இருக்கும்மா" என்றார் டாக்டர். "பழையபடி ஆகாது. ஆனா தடவி விட்டு, இறுக்கிக் கட்டுக் கட்டினா பாரம் குறையும். சொல்லித் தர இங்க ஆள் இருக்காங்க."

"வேண்டாம். பழகிப்போச்சு" என்று சபேடா எழுந்துகொண்டாள்.

வண்டியில் திரும்பும்போது டெராமான் வழிநெடுகக் கெளுத்தியைத் திட்டிக்கொண்டு வந்தான். மனைவியைத் திட்டத் தைரியமில்லாமல் மீனைத் திட்டினான். கமாரியா கேட்டுக்கொண்டாள். பின் இருக்கையில் சபேடா கடலையே பார்த்துக்கொண்டு வந்தாள். சுங்கை ரூ பாலம் வந்தபோதுதான் வாயைத் திறந்தாள்.

"அதுக்கா கெந்தூரி வச்சோம்" என்றாள்.



*

ஊசியின் முடிவு வந்த அன்று மழை பிடித்துக்கொண்டது. போனை டெராமான்தான் எடுத்தான். கேட்டுவிட்டு, "இல்லையாம்" என்றான். எது இல்லை என்று கமாரியா கத்தியபோது, "நோய் இல்லையாம், வெறும் நெறிதானாம்" என்று சொல்லிவிட்டு அண்டாப் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அவன் முகம் அன்றைக்கு நீராவி இல்லாமலே நனைந்திருந்தது.

கையில் பழுத்திருந்தது ஆறும்வரை காத்திருந்து அறுவை செய்தார்கள். கட்டியை மட்டும் எடுத்தார்கள். அக்குளைத் தொடவில்லை. மயக்கம் தெளிந்ததும் கமாரியா முதல் காரியமாக வலது கையைத் தலைக்குமேல் தூக்கப் பார்த்து நர்ஸிடம் திட்டு வாங்கினாள். அங்கே இருந்த நேரத்தில் அவள் இன்னொரு காரியமும் செய்தாள். வீங்கிய கைகளுக்கு வைத்தியம் செய்யும் பெண்ணைத் தேடிப் பிடித்துத் தன் கட்டிலுக்கே வரவழைத்தாள். எப்படித் தடவ வேண்டும், எங்கே தொடங்க வேண்டும், கட்டுத் துணியை விரல் நுனியிலிருந்து எப்படிச் சுற்றிக்கொண்டு வர வேண்டும் என்று அந்தப் பெண்ணின் கையிலேயே செய்து செய்து பார்த்துக் கற்றுக்கொண்டாள். உருட்டக் கற்றவளுக்கு இது பெரிய வித்தை இல்லை என்று அந்தப் பெண்ணிடமே சொன்னாள். கட்டுத் துணிகளும் வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. படகுகள் எல்லாம் கரையில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தன. மீன் இல்லை, வேலை இல்லை, கடைக்கு ஆளும் இல்லை. மழைக்காலத்துக்கென்று வில்லை போட்டுக் காயவைத்த கெரோப்போக்கைப் பொரித்து, சட்னியோடு வைத்துக்கொண்டு மூன்று பேரும் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார்கள். சட்னியில் அன்று காரம் கண்ணைக் கரித்தது. டாக்டர் சொன்னதைச் சபேடா மறக்கவில்லை.

"தூக்கு" என்றாள் சபேடா.

"என்னத்தக்கா?"

"கையத் தூக்குடி. பாக்கணும்."

கமாரியா வலது கையை மெதுவாகத் தூக்கினாள். மார்பில் தையல் இழுத்தது. தோள்வரை வந்தது, காதுவரை வந்தது, தலைக்குமேல் போயிற்று. விரல்களை விரித்துக் காட்டினாள். சபேடா அந்தக் கையை மேலும் கீழும் பார்த்தாள். சந்தையில் மீன் வாங்கும்போது பார்ப்பாளே, அப்படிக் குற்றம் தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு."

அப்போதுதான் அவள் அழுதாள். இத்தனை வருஷத்து அழுகையை ஒரே மூச்சில் அழுதாள். டெராமான் எழுந்து மழையில் வெளியே போய்விட்டான். கமாரியா தடுக்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. அழுது முடியும்வரை காத்திருந்து, பையிலிருந்து கட்டுத் துணிச் சுருளை எடுத்துப் பலகைமேல் வைத்தாள்.

"இதென்ன?"

"குடுங்க அதை" என்று வீங்கிய கையைக் காட்டிக் கமாரியா தன் கையை நீட்டினாள். "உருட்டக் கத்துக் குடுக்கறப்ப எத்தனை அடி அடிச்சீங்க? இப்ப என் முறை."

"பழகிப்போச்சுன்னு சொன்னேன்ல."

"பழகினது உங்களுக்கு. எனக்குப் பழகல."

சபேடா தலையணையை மடியிலிருந்து எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, வீங்கிய இடது கையை வலது கையால் தூக்கி, மாவு படிந்து வெளுத்துப் போயிருந்த உருட்டுப் பலகைமேல், கமாரியாவுக்கு முன்னால் கிடத்தினாள். கமாரியா தோள்பக்கம் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, உள்ளங்கையால் மேல்நோக்கித் தடவிக்கொண்டு வந்தாள். முழங்கையைத் தாண்டியதும் பழக்கதோஷத்தில் வேகம் கூடியது.

"மெதுவா" என்றாள் சபேடா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "மாவுன்னு நெனச்சியா? என் கைடி இது."